உத்திரத்துக்குக் கிழக்கே ஒரு முஷ்டி தூரத்தில்: கருந்துளைத் தாரையைக் கண்காணிக்கும் முறை

[காட்சி: ஏப்ரல் மாத நள்ளிரவு. பினாங்கு, தஞ்சோங் பூங்கா கடற்கரை. மேகம் விலகிய வானம்.]

வணக்கம். சித்திரை பிறக்கும் நாட்களில், நள்ளிரவு வாக்கில் பினாங்கில் நின்று அண்ணாந்து பார்த்தால், சிம்ம ராசியின் வால்முனையான உத்திர நட்சத்திரம் உச்சியைத் தாண்டி மேற்கே சற்றுச் சாய்ந்திருக்கும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடியுங்கள். உத்திரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு முஷ்டி அகலத்தில், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், எம்87 என்னும் விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதன் தொலைவு சுமார் 5.5 கோடி ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு.

[காட்சி: மையத்திலிருந்து நீளும் ஒளிக்கோடு.]

கலிபோர்னியாவின் லிக் வான்காணகத்தில் பணியாற்றிய ஹீபர் கர்ட்டிஸ், இம்மண்டலத்தின் மையத்தோடு ஒட்டிய விசித்திரமான நேர்க்கதிர் ஒன்றை 1918-இல் பதிவுசெய்தார். அதைத்தான் இன்று தாரை என்கிறோம்: ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் துகள்களின் ஓடை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் நீண்டு கிடக்கிறது.

எதையும் வெளியே விடாத கருந்துளையிலிருந்து இது எப்படி வருகிறது என்று கேட்பது நியாயமே. உள்ளே விழுந்தது திரும்பி வருவதில்லை. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுவோடு வந்து சேரும் காந்தப்புலக் கோடுகளை, கருந்துளையின் சுழற்சி கயிறு திரிப்பதுபோல் முறுக்குகிறது என்றும், அந்த முறுக்கின் வழியே சுழற்சியின் ஆற்றலே தாரைக்குப் போய்ச் சேருகிறது என்றும் பிளாண்ட்ஃபோர்டு, ஸ்னாயெக் என்னும் இரு வானியற்பியலாளர்கள் 1977-இல் விளக்கினார்கள். இன்றும் வலுவாக நிற்கும் விளக்கம் அது.

[காட்சி: பூமியின் காற்றுமண்டலம், குறுக்குவெட்டு.]

தாரை ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை எல்லாவற்றிலும் ஒளிர்வதால், ஒரு தொலைநோக்கியால் அதை முழுமையாகப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரைக் காற்று மறைத்துவிடும். ஆகவே சந்திரா தொலைநோக்கி 1999 முதல் விண்வெளியிலிருந்து பார்க்கிறது. மில்லிமீட்டர் அளவு அலைநீளமுள்ள ரேடியோ அலைக்கு எதிரி நீராவி. மழைக்காலத்தில் அடுக்குமாடி வராந்தாவில் காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் ஈரம் போகாத நம் ஊரில் அத்தகைய தொலைநோக்கியை நிறுவுவது வீண்வேலை. அதனால்தான் அவை சிலியின் 5,000 மீட்டர் உயரப் பாலைநிலத்திலும் தென்துருவத்திலும் நிற்கின்றன.

2017 ஏப்ரலில் ஆறு இடங்களிலிருந்த அத்தகைய எட்டுத் தொலைநோக்கிகள் அணுக் கடிகாரங்களின் துணையுடன் ஒரே கருவிபோல் இயங்கின. பதிவான தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிது. வன்தட்டுகளில் விமானமேறித்தான் போனது. தென்துருவத் தட்டுகள் குளிர்காலம் முடியும்வரை அங்கேயே காத்துக்கிடந்தன.

இதில் கடினமானது, என் கணிப்பில், நேரத்தைப் பொருத்துவதுதான். இக்கருந்துளையின் குறுக்கே போக ஒளிக்கே ஏறக்குறைய ஒன்றரை நாளாகிறது. அதன் அருகே சில நாட்களிலேயே காட்சி மாறிவிடும். போன மாத எக்ஸ் கதிர்ப் படத்தை இந்த மாத ரேடியோ படத்தின்மேல் வைத்து ஒப்பிட்டால், இரு வேறு நிலைகளைக் குழப்பிக்கொள்வோம். ஆகவே அந்த 2017 முயற்சியில், ஹபிள், சந்திரா, ஃபெர்மி உட்பட விண்ணிலும் மண்ணிலுமாக 19 வான்காணகங்கள் சேர்ந்து எம்87-ஐ நோக்கின.

அடுத்த ஆண்டே அதற்குப் பலன் கிடைத்தது. 2018 ஏப்ரலில் உயர் ஆற்றல் காமா கதிர் திடீரென்று பொங்கி, மூன்று நாள் அளவில் அடங்கியது. ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மினுங்குவதற்கு, ஒளி அதைக் கடக்கும் நேரமாவது வேண்டும். ஆகவே பொங்கிய பகுதி தாரையின் நீளத்தோடு ஒப்பிட்டால் ஒரு புள்ளிதான்.

[காட்சி: ஆரஞ்சு வளையமும் அதிலிருந்து கிளம்பும் தாரையும்.]

அதே 2018 ஏப்ரல் 14, 15 இரவில் 3.5 மில்லிமீட்டர் அலைநீளத்தில் வேறொரு குழு எடுத்த பதிவு, 2023-இல் வெளியானபோது, கருந்துளையைச் சூழ்ந்த வளையமும் தாரையின் அடியும் முதன்முறையாக ஒரே படத்தில் தெரிந்தன. நாம் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த இரவு அது.