ஹாஸல்பிளாட் மக்கர் செய்யுமா?

வணக்கம். "ஹாஸல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமரா வாங்கலாமா, அடிக்கடி மக்கர் செய்யுமா?" என்று கேட்டு எழுதியவர்களுக்குத்தான் இந்த வீடியோ. வாங்கலாம். மக்கரும் செய்யும். இத்தனை வயதான இயந்திரத்திடம் பழுதே வராதா என்று கேட்பது வீண். வந்த பழுதை ஒரு மனிதர் கையால் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். இந்த கேமராவில் முடியும். பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. எல்லாமே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான்.

கையால் சரிசெய்யலாம் என்ற இந்தப் பெயரும் ஹாஸல்பிளாட்காரர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1948-இல் வந்த முதல் மாடல் 1600எஃப். வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் பாடிக்குள், திரை வடிவில் இருந்தது. வேகம் 1/1600 நொடி வரை என்று பெருமை பேசினார்கள். ஆனால் அந்த ஷட்டர் ஓயாமல் தொல்லை கொடுத்தது. 1957-இல் 500சி வந்தபோது ஷட்டரை லென்ஸுக்குள் கொண்டுபோய் வைத்து, 1/500 போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். புத்திசாலித்தனமான பின்வாங்கல். ஆனால் இதில் உங்கள் பணப்பையைத் தொடும் சங்கதி ஒன்று உண்டு. மூன்று லென்ஸ் வைத்திருந்தால் மூன்று ஷட்டர். சர்வீஸ் செலவும் மூன்று. கேமரா வாங்கும் உற்சாகத்தில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இப்போது ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேகத்தை ஒரு நொடியில் வைத்திருக்கிறேன். பட்டனை அழுத்துகிறேன், விரலை எடுக்கவில்லை. எடுத்தால் ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் இரண்டு கதவுகளும் மூடிக்கொள்ளும். வெளிச்சம் பாதியில் நின்றுவிடும். கேளுங்கள்... ர்ர்ர்ர்ர், டக். ஒரே சீராக ஓடி முடிந்தது. அடுத்து இந்தப் பழைய சி லென்ஸ், அதாவது 500 வரிசைக்கு முதலில் வந்த லென்ஸ் வகை. ர்ர்... ர்... ர்ர்... டக். நடுவில் தயங்கியது கேட்டதா? உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. மூலையில் மூடிவைத்த தையல் மிஷினுக்கு ஆவதுதான் இதற்கும். மெதுவான வேகங்களைத் தாமதப்படுத்தும் சின்னச் சக்கர வரிசை முதலில் சிக்கும். அதனால் யாரிடம் வாங்கினாலும் 1/500-ஐ விட ஒரு நொடியைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1/500 சற்று மெதுவாக ஓடினால் நெகட்டிவ் ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது.

எல்லோரும் பயப்படும் அந்தப் பூட்டிக்கொள்ளும் நோய்க்கு வருவோம். லென்ஸைக் கழற்றி அருகில் காட்டுகிறேன். பின்புறம் ஸ்க்ரூ தலை போல ஒரு தண்டு, அதில் ஒரு பிளவு, பக்கத்தில் சிவப்புப் புள்ளி. பிளவு புள்ளியைப் பார்த்து நின்றால் ஷட்டர் ஏற்றப்பட்டிருக்கிறது, அதாவது ஸ்பிரிங் முறுக்கேறி ஓடத் தயாராக இருக்கிறது. பாடியையும் முழுக்கச் சுற்றி ஏற்றியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று ஏறி, மற்றது இறங்கியிருந்து, அப்படியே மாட்டினால் எல்லாம் இறுகிவிடும். அருகிலிருந்து படமெடுக்க லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடும்போது இது அதிகம் நடக்கும். சுற்றும் கைப்பிடியை மட்டும் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பல் உடைந்தால் ஐந்து நிமிட வேலை மாதக்கணக்காகும். ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியான ஃபிலிம் பேக்கைக் கழற்றி, பின்கதவுகளை விலக்கி, நீளமான மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு அந்தத் தண்டை வலப்பக்கமாகத் திருப்பினால் 'கிளிக்' என்று ஏறிக்கொள்ளும். வழியில் மிரரும் லென்ஸின் பின்கண்ணாடியும் இருக்கின்றன. கை நடுங்குகிறவர்கள் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள், வெட்கமில்லை.

நெகட்டிவின் ஓரத்தில் கறுப்புக் கீற்று விழுகிறதா? கேமராவைத் திட்டாதீர்கள். ஃபிலிம் பேக்கில், ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடு நுழையும் வாயில் ஒரு சின்ன ஃபோம் பட்டை உண்டு. வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள், மலிவானது.

பெண்டாக்ஸ் 67, மாமியா ஆர்இசட்67 எல்லாம் அருமையான கேமராக்கள், நானும் ஆசைப்படுகிறவன்தான். ஆனால் அவற்றின் ஷட்டர் பேட்டரியையும் சர்க்யூட்டையும் நம்பியிருக்கிறது. சர்க்யூட் செத்தால், செத்த இன்னொரு கேமராவிலிருந்துதான் உறுப்பு எடுக்க வேண்டும். மாமியாதான் வேண்டுமென்றால் அதன் அண்ணன் ஆர்பி67 இருக்கிறது. 1970-இல் வந்தது, முழுக்க மெக்கானிக்கல், கனமோ கனம். ஹாஸல்பிளாடிலும் சி லென்ஸ்களுக்குள் இருக்கும் காம்பர் என்ற ஷட்டருக்கு உதிரிபாகம் தேடுவது சிரமமாகிவருகிறது. கையில் காசு இருந்தால் 1982 முதல் வந்த அடுத்த வகையான சிஎஃப் லென்ஸைப் பாருங்கள்.

சர்வீஸ் என்ற பெயரில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஒரு வாரம் பிரமாதமாக ஓடும். பிறகு எண்ணெய் ஷட்டர் இதழ்களுக்கு இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும்போதே கேளுங்கள்: ஷட்டரைப் பிரித்துக் கழுவுவீர்களா? வேகங்களை அளந்து, சர்வீஸுக்கு முன்னும் பின்னும் இருந்த அளவைத் தாளில் எழுதித் தருவீர்களா? இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் லென்ஸைக் கொடுக்க வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். ஈரப்பதத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான டப்பா, சிலிகா ஜெல், வாரம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஓட்டம். அடுத்த வீடியோவில் அந்த ஃபோம் பட்டையை நானே மாற்றுகிறேன். பழைய ஃபிலிம் பேக் வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.