கற்றாழையின் உயிர் குருத்தில்

நேயர்களுக்கு வணக்கம். முள்ளங்கியைப் பிடுங்கும்போது பார்த்திருப்பீர்கள்: இலைகளெல்லாம் ஒரே இடத்திலிருந்து வட்டமாகக் கிளம்பியிருக்கும். யானைச்சுவடி, ஆகாயத்தாமரை, சோற்றுக்கற்றாழை எல்லாவற்றுக்கும் இதே அமைப்புத்தான். இவற்றுக்குத் தண்டு இல்லாமல் இல்லை. கணுவுக்குக் கணு இடைவெளியே தெரியாதபடி அது குறுகிக் கிடக்கிறது. அதன் நுனியில், இலைகளுக்கு நடுவே, குருத்து. பல வீடுகளில் கற்றாழை சாவதற்குக் காரணம், அந்தக் குருத்தைக் கவனிக்காததுதான்.

கற்றாழை இலையின் மேல்புறம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். மேலே விழும் தண்ணீர் அந்த வழியாக நேரே நடுவுக்குத்தான் இறங்கும். வறண்ட நிலத்தில் அது வரம். தினமும் தலையோடு தண்ணீர் ஊற்றும் வீட்டில் அதுவே கேடு. இலை இடுக்கில் நீர் தேங்கினால் இலையடி வெளுத்து, கொழகொழவென்று ஆகி, தொட்டதும் கையோடு வந்துவிடும். அதனால் தொட்டியின் ஓரமாக, மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

இலையை வெட்டி நட்டால் முளைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். முளைக்காது, அழுகும். குருத்துள்ள பக்கக்கன்றுதான் வேண்டும். நாலைந்து இலையோடு, ஒரு சாண் உயரத்தில் இருப்பதை வேரோடு பிரித்தெடுத்து, நிழலில் மூன்று நாள் வெட்டுவாய் காயப்போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. இலையடி மண்ணுக்குள் புதையாமல் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். கன்றின் இலைகள் விசிறிபோல இரண்டு வரிசையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வளர வளரச் சுற்றிவரும். இலைகள் தளர்ந்து படுத்தால் வெளிச்சம் போதவில்லை. சிவந்தால் பெரும்பாலும் வெயில் அதிகம்.

அறுவடையிலும் குருத்தை நினைவில் வையுங்கள். புது இலை நடுவில் பிறக்கிறது, முதிர்ந்தது வெளிவட்டத்தில் நிற்கிறது. ஆகவே வெளி இலைகளை மட்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று எடுங்கள். வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் கசியும். நாக்கில் பட்டால் கடுங்கசப்பு. இது காய்ந்ததுதான் நாட்டுமருந்துக் கடைக் கரியபோளம். பேதியாக்கும் என்பதால், இலையை வெட்டுவாய் கீழாகக் கால் மணி நேரம் நிறுத்தி வடியவிட்டு, தோல் சீவி, சோற்றை நன்றாக அலசிய பிறகே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கற்றாழை பூத்தால் செத்துவிடும் என்று பூந்தண்டை ஒடித்து எறிகிறார்கள். அப்படிச் சாவது ஆனைக்கற்றாழை. அதில் குருத்தே பூந்தண்டாக நீண்டுவிடுகிறது. புது இலை வர வழியில்லை. சோற்றுக்கற்றாழையில் பூந்தண்டு இலை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் வருகிறது, குருத்து அப்படியே இருக்கும். பூக்கட்டும், தேன்சிட்டு வரட்டும். தண்டு காய்ந்த பிறகு அடியோடு நறுக்கிவிடுங்கள். வணக்கம்.