நீலகிரியின் ஈரமும் செல்லப்பிராணிகளின் தோலும்

[காட்சி: மூடுபனி படர்ந்த உதகைக் காலை, தேயிலைச் சரிவிலிருந்து நனைந்து வரும் லாப்ரடார்]

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், சமவெளி நாய்களை வாட்டும் வெயில் பெரிய தொல்லையன்று. மழையும் மூடுபனியும் வாரக்கணக்கில் விட்டுச்செல்லும் ஈரமே தோலைக் கெடுக்கிறது. ஆகவே, மலையில் நாயைக் குளிப்பாட்டுவதைவிட நன்றாக உலர்த்துவதே முக்கியமான பராமரிப்பு. கூடலூர், பந்தலூர், உதகைப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை வலுப்பதால், கூடுதல் கவனம் தேவைப்படும் மாதங்கள் ஊருக்கு ஊர் மாறும்.

[காட்சி: ரோமத்தை விரல்களால் விலக்கி அடித்தோலைக் காட்டுதல்]

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் போன்ற நாய்களுக்கு ரோமம் இரண்டு அடுக்காக வளர்கிறது. மேலடுக்கின் முரட்டு முடி மழைநீரை வழியவிடுகிறது. அடியில் நெருங்கி வளரும் மென்முடி காற்றைப் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காக்கிறது. அந்த அடிமுடி நனைந்துவிட்டால், கணப்பு அடுப்பின் முன்னே நாயைப் படுக்கவைத்து மேல்முடி காய்ந்ததைப் பார்த்துத் திருப்தியடைவதில் பயனில்லை, ஏனெனில் உள்ளே ஈரம் அப்படியே தங்கியிருக்கும். ஆரோக்கியமான நாயின் தோலிலும் சிறிதளவு வாழும் மலாசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சை, அந்த ஈரத்தில் பெருகித் தோலைப் பிசுபிசுப்பாக்கி, காறலான வாடையையும் ஓயாத அரிப்பையும் உண்டாக்குகிறது.

பருத்தித் துண்டால் முடியை எதிர்த்திசையில் ஒற்றி எடுத்த பிறகு, விரல் இடுக்கு, அக்குள், தொங்கும் காதுமடலின் உட்புறம் ஆகியவற்றைத் தனியே துடைத்துவிட்டு, டிரையரை மிதமான சூட்டில் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். சிமெண்டுத் தரையில் போட்ட சாக்கு ஈரத்தை விடாது என்பதால், தரையிலிருந்து சற்று உயர்ந்த மரப்பலகையே நல்ல படுக்கை.

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதனால் நம் சோப்பும் ஷாம்பூவும் அதற்குப் பொருந்துவதில்லை. ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒரு குளியல் பெரும்பாலும் போதும்.

[காட்சி: கடை அலமாரியில் தைலப் புட்டிகள்]

நீலகிரியில் இதை வலியுறுத்திச் சொல்லாமல் இருக்க முடியாது. சளிக்கும் வலிக்கும் நாம் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலத்தை உண்ணி விரட்டவோ சொறிக்கு மருந்தாகவோ நாய், பூனைகளின் உடலில் ஒருபோதும் தடவாதீர்கள். அது தோலை எரிச்சலூட்டுவதோடு, நக்கும்போது வயிற்றுக்குள் சென்று நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது. இத்தகைய பொருள்களைச் சிதைக்கும் நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு என்பதால், அதற்கு ஆபத்து இன்னும் அதிகம். நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு உயிர்க்கொல்லியாகலாம்.

உண்ணியை எடுக்கும்போது மண்ணெண்ணெயோ நெருப்போ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தாலே வந்துவிடும். குளிர்காலத்தில் உண்ணி இருக்காது என்று நம்பவும் வேண்டாம், நாய் உண்ணி வீட்டுக்குள் இருக்கும் இதமான சூட்டில், சுவர் வெடிப்புகளில் முட்டையிட்டு ஆண்டு முழுவதும் வாழக்கூடியது. மேட்டுப்பாளையம், கோவை சென்று திரும்பும் நாயின் காதோரத்தையும் கழுத்தையும் அன்றே தடவிப் பாருங்கள்.

[காட்சி: வெயிலில் படுத்திருக்கும் ராஜபாளையம் நாய்]

உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூடப் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. குளிராக இருப்பதால் இது நமக்குத் தெரிவதில்லை. இளஞ்சிவப்பு மூக்குள்ள ராஜபாளையம் நாயும் வெள்ளைக் காதுகளுள்ள பூனையும் நண்பகலில் நிழலில் இருக்கட்டும், ஏனெனில் பூனைகளின் அத்தகைய காது நுனிகளில் வெயிலால் தோல் புற்றுநோய் வருவதுண்டு.

வட்டமாக முடி உதிர்ந்து செதில் படிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது தொடுவதன் மூலம் குழந்தைகளுக்கும் பரவுவதால், கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிக் காத்திராமல், கால்நடை மருத்துவரிடம் தோலைச் சுரண்டி எடுத்தும் முடியை எடுத்தும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பிராணியைக் குழந்தைகளின் படுக்கையில் ஏறவிடாதீர்கள்.