காண்ட்ராக்டர் ஒப்பந்தம்: மொத்தத் தொகையை அப்புறம் பாருங்கள்

வீடு கட்டும் காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தை நம் கையில் நீட்டியதும் எல்லாரும் நேராக மொத்தத் தொகைக்குத்தான் போவோம். அது அப்புறம். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம், அதை முதலில் பாருங்கள்.

'தரமான டைல்ஸ், நல்ல பெயிண்ட்' என்று எழுதியிருந்தால் அது எதையும் எழுதாததற்குச் சமம். எந்தக் கம்பெனி, எந்த ரகம், என்ன அளவு, பெயிண்ட் என்றால் பிரைமர் என்ற அடிப்பூச்சு உண்டா, எத்தனை கோட், எல்லாம் எழுத்தில் வேண்டும். 'அல்லது அதற்கு இணையான பொருள்' என்று ஒரு வரி எங்காவது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்று அதன் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். குப்பை அள்ளுவது, தண்ணீர், மின்சாரம், அனுமதி வாங்குவது, இதெல்லாம் யார் செலவு என்பதும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

சரி, பணம். தேதி வைத்துத் தவணை போட்டால் வேலை நின்றாலும் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, கூரை முடிந்தால் இவ்வளவு என்று முடிந்த வேலைக்குத்தான் பணம். 5 முதல் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, மிச்சமிருக்கும் சில்லறை வேலையும் முடிந்த பிறகு கொடுப்பது கட்டுமானத் துறையில் சாதாரணம்தான், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பெரிய சண்டையெல்லாம் எக்ஸ்ட்ரா வேலையில்தான் வரும். "இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள், அவரும் "செஞ்சிடலாம் சார்" என்பார், கடைசி பில்லில் அது நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு தொகையாக வந்து நிற்கும். அவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது, ஆளும் பொருளும் செலவானது நிஜம்தானே? அதனால் என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும் என்று போடுங்கள். அந்த ஒப்புதலுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் போதுமா, கையெழுத்து வேண்டுமா என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. காண்ட்ராக்டர் தனக்குக் கீழே வேலை எடுத்துச் செய்யும் சப் காண்ட்ராக்டருக்கோ பொருள் கொடுத்தவருக்கோ பாக்கி வைத்தால், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அவர்கள் உங்கள் சொத்தின் மீதே உரிமை கோர முடியும், நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும்கூட. எந்த ஊராக இருந்தாலும், முந்தைய தவணை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். தொழிலாளிக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதும் இருக்க வேண்டும், காப்பீட்டுச் சான்றின் நகலோடு.

முடிக்கும் தேதி, தாமதமானால் எவ்வளவு தொகை கழிக்கப்படும், ஒப்படைத்த பிறகு விரிசல், கசிவு வந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்வார், இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பாதியில் பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: அதுவரை முடிந்த வேலையை யார் அளப்பார், தளத்தில் கிடக்கும் பொருள் யாருக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்பு.