படாத குத்து

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

1930களில் வந்த குறைச்செலவு வெஸ்டர்ன் படங்கள், அதாவது கௌபாய்ப் படங்கள், ஹாலிவுட்டுக்குச் சுமையா, சொத்தா என்பது தலைப்பு. சொத்துதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் கேட்டார்: "ஒரு வாரத்தில் எடுத்த படம், ஒரு மணி நேரம்கூட ஓடாது, எல்லாம் ஒரே கதை. இதில் என்ன கலை?"

ஐயா, பணத்தைக் கொட்டி எடுத்த படத்தின் கதி என்ன ஆயிற்று? 1930இல் ராவுல் வால்ஷ் 'தி பிக் டிரெயில்' எடுத்தார். எழுபது மில்லிமீட்டர் படச்சுருள்; அதைக் காட்ட அகலத்திரை வேண்டும். கதாநாயகன் ஜான் வேய்ன் என்ற இருபத்து மூன்று வயது இளைஞன். அப்போதுதான் தியேட்டர்காரர்கள் ஒலிக்கருவிக்குச் செலவு செய்து முடித்திருந்தார்கள். பொருளாதார வீழ்ச்சி வேறு. அகலத்திரைக்கு யார் பணம் போடுவார்கள்? படம் படுத்துவிட்டது. பெரிய ஸ்டுடியோக்கள் கைவிட்ட அந்தப் பையனுக்குச் சோறு போட்டது யார்? எங்கள் சின்னப் படங்கள்! 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் நிறுவனத்துக்கு மட்டும் பதினாறு படங்கள் நடித்தார்.

அங்கேதான் யக்கிமா கனட் இருந்தார். முரட்டுக் குதிரை அடக்கும் ரோடியோ போட்டிகளில் சாம்பியன், சண்டைக் கலைஞர். அதுவரை திரையில் சண்டை என்றால் நிஜமாகவே தோளில் குத்திக்கொள்வார்கள். வலி உண்டு, பார்க்கச் சப்பென்று இருக்கும். கனட்டும் வேய்னும் இயக்குநர் ராபர்ட் பிராட்பரியும் ஒரு வழி கண்டார்கள். கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வை. முஷ்டி தாடைக்கு முன்னால் காற்றில் போகட்டும். அதே நொடியில் எதிராளி தலையை வெடுக்கென்று திருப்பட்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள். அடி விழவே இல்லை. ஆனால் கொட்டகையில் இருப்பவன் தன் தாடையைத் தடவிப் பார்ப்பான்! இன்று உலகில் எந்த மொழிப் படத்தில் நாயகன் கை ஓங்கினாலும் இந்த வித்தையின் சாயல் அதில் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கப் பழங்குடி மக்களை அந்தப் படங்கள் காட்டிய விதம் அநியாயம். ஆனால் பெரிய படங்களும் அதே பாவத்தைத்தானே செய்தன? கறுப்பின நாயகனைக் குதிரையில் ஏற்றிப் பாட வைக்கப் பெரிய ஸ்டுடியோ எதுவும் முன்வராத காலத்தில், 1937இல் ஹெர்ப் ஜெஃப்ரிஸை 'ஹார்லம் ஆன் த ப்ரெய்ரி'யில் நாயகனாக்கியது ஒரு குறைச்செலவுப் படம். தனித் தியேட்டர்களில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட கறுப்பினச் சிறுவர்கள், தங்கள் நிறத்தில் ஒரு கௌபாயைத் திரையில் பார்த்தார்கள். இதைச் சுமை என்பீர்களா?

1939க்கு வாருங்கள். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்'. பாய்ந்து ஓடும் குதிரைகளுக்கு நடுவே ஒருவர் விழுகிறார், தரையில் இழுபடுகிறார், பிடியை விடுகிறார். வண்டி முழுவதும் அவர் மேலே கடந்து போகிறது. அவர் கனட். சின்னப் படங்களில் செய்து பழகிய வித்தை அது. நாயகன் வேய்ன். இருவரும் எந்தப் பள்ளியில் படித்துவிட்டு வந்தார்கள்?

1967இல் அதே கனட்டை ஆஸ்கார் மேடைக்கு அழைத்து, அவருடைய சாகசங்களுக்காகவும், சண்டைக் கலைஞர்களின் உயிர் காக்க அவர் உருவாக்கிய பாதுகாப்புச் சாதனங்களுக்காகவும் கௌரவ விருது கொடுத்தார்கள். அடுத்து பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.