தோற்றவர் கட்டும் பணம்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். பல்கலைக்கழகங்களின் வரவு செலவைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் வானொலிப் பெட்டியை அணைக்கக் கை நீட்டியவர்கள் சற்றுப் பொறுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இது உங்கள் கணக்கும்தான்.

நான் பேராசிரியர் அல்லன். சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், தேர்வுக் கட்டணம் வாங்கும் சன்னலுக்குப் பின்னால் என் காலம் கழிந்தது. வகுப்பறைக்குள் நடப்பது எனக்குத் தெரியாது. ஆனால் சன்னலுக்குள் நீளும் கையைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவேன். விரல் இடுக்கில் சாயம் இருந்தால் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்காரர் வீடு. புறங்கையில் சிறு சிறு தீத்தழும்பு இருந்தால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை.

ஒரு முறை, கட்டணம் செலுத்தக் கடைசி நாள். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துப் பையன் வந்தான். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பத்து ரூபாய்த் தாள்களும் சில்லறையுமாக ஒரு துணிப்பையை நீட்டினான். தாள்களில் புளித்த பழத்தோல் வாசனை. அவனுக்கு மூன்று அரியர். நடப்பு செமஸ்டருக்கு ஒரு தொகை, அரியர் தாள் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது கேட்டான்: “ஐயா, தேர்ச்சி பெற்றவன் ஒரு தடவைதான் கட்டுகிறான். நான் தோற்றுவிட்டேன், மறுபடியும் கட்டுகிறேன். அப்படியானால் நான் தோற்றுக்கொண்டே இருப்பதுதானே அவர்களுக்கு வருமானம்?”

சிரித்துவிட்டு, எண்ணியதை மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

யாரும் வேண்டுமென்றே மாணவனைத் தோற்கடிப்பதில்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் அவன் கேட்டது கணக்கில் சரி. கருப்பூரில் இருக்கிற பெரியார் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1997இல் உருவானது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. பெங்களூரு சாலையில் போகும்போது பஸ்ஸிலிருந்து வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போய்ப் படிக்கிறவர்களைக் காட்டிலும், இந்தக் கல்லூரிகளில் உட்கார்ந்து அதன் பட்டத்தை வாங்குகிறவர்கள் பல மடங்கு. மாநிலத்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு இதே அமைப்புதான். அரசு ஒரு மானியம் தருகிறது. மீதிக்குக் கல்லூரிகளின் இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. இதில் தொலைநிலைக் கல்விக்கு எல்லைக்கோடு வந்தது. மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று மத்தியில் இருக்கிற பல்கலைக்கழக மானியக்குழு சொன்னது. அந்தக் கடிவாளம் தேவையானதுதான். ஆனால் அந்த ஊற்று சுருங்கிய பிறகு மிச்சம் இருந்தது என் சன்னல்தான். திரும்பவும் சொல்கிறேன், என் சன்னல்தான்.

செலவுப் பக்கத்தில் யாரும் பேசாத ஒன்று உண்டு: ஓய்வூதியம். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஓய்வு பெற்றால் அரசுக் கருவூலம் ஓய்வூதியம் தருகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து தேட வேண்டும். தாத்தாவின் மருந்துச் செலவையும் பேரனின் புத்தகச் செலவையும் ஒரே கடுகு டப்பாவில் வைத்திருக்கும் வீடு எப்படியிருக்கும்? மருந்தை நிறுத்த முடியாது. புத்தகம்தான் தள்ளிப்போகும். ஆய்வகத்தில் வேதிப்பொருள் வாங்குவது தள்ளிப்போகும். காலிப்பணியிடத்தில் கௌரவ விரிவுரையாளர் வருவார். அவருக்கு ஓய்வூதியம் கிடையாதல்லவா?

1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2024இல் என்ன நடந்தது? வருமான வரித்துறை 400 கோடி ரூபாய்க்கும் மேல் வரி கேட்டு வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளம் போடவே திண்டாட்டம். சிக்கலின் வேர் இதுதான்: அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்று வரிவிலக்குப் பெற வேண்டுமானால், மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். அரசு தன் பங்கைச் சுருக்கச் சுருக்க, அரசுப் பல்கலைக்கழகம் ‘அரசு’ என்ற பெயரையே இழக்கிறது. அரசு கொடுக்காததற்கு அபராதம், வாங்க வேண்டியவர் தலையில்! சட்டம் இயற்றி உண்டாக்கிய நிறுவனத்துக்கு இந்த நிலை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. நம் மாவட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் படிப்பை நிறுத்தாமல் இருக்க அது காரணம். நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பணம் மாணவியின் கைக்கு வருகிறது, பல்கலைக்கழகத்தின் கைக்கு அல்ல. அந்தக் கையும் பிறகு சன்னலுக்குள் நீள்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். நான் எழுதி வந்ததில் பாதிதான் முடிந்திருக்கிறது.

சீர்திருத்தம் பற்றிச் சுருக்கமாக: 1966இலேயே, கல்வியை ஆராய மத்திய அரசு அமைத்த கோத்தாரி குழு, நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்றது. நாம் இன்னும் எட்டவில்லை. 1976இல் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. 2018இல் பல்கலைக்கழக மானியக்குழுவைக் கலைத்து வேறோர் ஆணையம் அமைக்க ஒரு வரைவு வந்தது. மானியம் வழங்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை, அமைச்சகத்துக்கே என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 2020 கல்விக் கொள்கையோ மானியத்துக்குத் தனிப் பிரிவு என்கிறது. பணப்பை யார் மடியில் இருக்க வேண்டும் என்ற சண்டை இது. பையில் எவ்வளவு போடுவது என்பதற்கு வரவே முடியவில்லை. ஒரு விரல்தான் காட்டுகிறார்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பிள்ளை தேர்வுக் கட்டணம் கட்டிவந்ததும் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று அதில் இருக்கும். அரியருக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அந்தத் தொகையைக் கொஞ்சம்… சரி, நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.