கல்லாவுக்குப் பணம் வந்தால் அது பற்று

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர், பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்கும்போது, பட்டியலில் முதலில் கண்ணில் படுகிற பாடங்களில் ஒன்று ஃபைனான்சியல் அக்கவுண்டிங், அதாவது நிதிக் கணக்கியல். நல்ல தேர்வு. பெரும்பாலான கல்லூரிகளில் இதற்கு முன்படிப்பு எதுவும் கேட்பதில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர்களுக்கு வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும், படிப்பதற்குத் தேவையில்லை. ஆனால், சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா அப்பாவை இப்படி யூனிட் (பாடத்தின் அளவு) கணக்குள்ள வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள், அது விசா விதிக்கு மாறானது.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநிலவாசி என்ற தகுதி இருந்தால் செமஸ்டர் கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர். நாலு யூனிட் பாடம் என்றால் 184 டாலர். குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர், ஐந்து யூனிட்டுக்கு 155. மாநிலவாசி ஆக, பருவம் தொடங்குவதற்கு முன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், அதற்கான காகிதமும் காட்ட வேண்டும். அந்த ஒரு நாள் குறைந்தாலும் யூனிட்டுக்கு இன்னும் சில நூறு டாலர் கூடிவிடும். வந்து பதினோரு மாதம் ஆனவர்கள் ஒரு பருவம் பொறுத்துச் சேர்வது லாபம்.

பெயரைப் பார்த்துச் சேருங்கள். புக்கீப்பிங் என்றும் இன்ட்ரொடக்டரி அக்கவுண்டிங் என்றும் வேறு வகுப்புகள் அதே பட்டியலில் இருக்கும். அவை வேலைப் பயிற்சிக்கானவை. பிறகு பல்கலைக்கழகத்தில் பட்டம் முடிக்கும் எண்ணம் இருந்தால் அவை பொதுவாகக் கைகொடுக்காது. பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளத்தக்க பாடத்துக்கு மாநிலம் முழுவதற்குமான பொது அடையாளம் ஒன்று உண்டு. பாட விளக்கத்தில் சி-ஐடி, ஏசிசிடி 110 என்று போட்டிருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது.

அடுத்தது நேரம். வாரத்துக்கு ஒரு யூனிட் என்றால் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டில். நாலு யூனிட்டுக்கு வாரம் 12 மணி நேரம் ஆகிறது. இதையே கோடையில் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டால், முழுப் பருவத்தின் 18 வார வேலை மூன்றில் ஒரு பங்கு காலத்தில் நெருக்கும். அதாவது வாரம் 36 மணி நேரம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும்போது இது நடக்காது. முதல் முறை படிப்பவர்கள் முழுப் பருவ வகுப்பையே எடுங்கள்.

புத்தகம் வாங்கப் போகும் முன், அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத வகுப்பு என்ற குறி இருக்கிறதா பாருங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2019இல் வெளியிட்ட இலவசக் கணக்கியல் பாடநூலை வைத்தே நடத்தும் ஆசிரியர்கள் உண்டு. மற்ற வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கான இணையதளத்தில் நுழைய ஆக்சஸ் கோட் வாங்கியே தீரவேண்டும். அங்கே பழைய புத்தகத்தை மலிவாக வாங்கிப் பயனில்லை, ஆக்சஸ் கோட் மறுபடி தனியாக வாங்க வேண்டிவரும்.

இனி பாடத்துக்கு வருவோம். நம்மவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் ஒரு தமிழ்ச் சொல். நம் பள்ளிப் பாடநூலில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. வீட்டில் வரவு செலவு நோட்டு எழுதி வளர்ந்த நமக்கோ, வரவு என்றால் கைக்கு வந்த பணம். வகுப்பில் ஆசிரியர், ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கை டெபிட் செய் என்பார். வந்ததைப் பற்று என்கிறாரே என்று அங்கேயே குழப்பம் தொடங்குகிறது.

இந்தச் சொற்கள் பிறந்த இடத்துக்குப் போனால் குழப்பம் தீரும். மளிகைக்கடையில் பற்று வைத்து வாங்குவோமே, அந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் நம் பேரில் ஒரு பக்கம் வைத்திருப்பார். நாம் அரிசி எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் பற்று. நாம் பணம் கொடுத்தால், நம்மிடமிருந்து வந்தது, அதே பக்கத்தில் வரவு. பெற்றுக்கொண்டவர் பக்கத்தில் பற்று, கொடுத்தவர் பக்கத்தில் வரவு, அவ்வளவுதான். இப்போது கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்து அதற்கும் ஒரு பக்கம் போடுங்கள். பணம் கல்லாவுக்குள் போகிறது, கல்லா பெற்றுக்கொண்டது, ஆகவே ரொக்கத்துக்குப் பற்று. வங்கி கடன் கொடுத்தால் வங்கியின் பக்கத்தில் வரவு. முதலாளி முதல் போட்டால் அவர் பக்கத்தில் வரவு. உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று வங்கியிலிருந்து செய்தி வருகிறதே, அது வங்கியின் நோட்டில் உங்கள் பேரில் உள்ள பக்கம். உங்கள் நோட்டில் அதே பணம் பற்று. யாருடைய நோட்டு, யார் பேரில் பக்கம் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தால் தவறு வராது.

இந்தியாவில் பிளஸ் டூ வணிகவியல் படித்தவர்களுக்கு இன்னொரு சொல். ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்று மூன்று விதி மனப்பாடம் செய்திருப்பீர்கள். விடை அதிலும் சரியாகத்தான் வரும். ஆனால் இங்கே தேர்வில் கேட்பது வேறு விதம். இது சொத்தா, பொறுப்பா (பிறருக்குக் கொடுக்க வேண்டியதா), உரிமையாளர் பங்கா, வருமானமா, செலவா; கூடியதா, குறைந்ததா என்று கேட்பார்கள். சொத்தும் செலவும் டிவிடெண்டும் (பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) கூடினால் டெபிட், மற்றவை கூடினால் கிரெடிட். சொத்தையும் பொறுப்பையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பிலும் நாம் பழகியதுபோல இடப்பக்கம் பொறுப்புகள் வராது. சொத்துகள் முன்னால், அதிலும் ரொக்கம் முதல் வரியில்.

நாலாவது ஐந்தாவது வாரத்தில் சரிக்கட்டுப் பதிவுகள் வரும், அதாவது செலவையும் வருமானத்தையும் அவை சேரவேண்டிய காலத்தில் சேர்க்கக் கணக்கு முடிக்கும்போது எழுதுபவை. வகுப்பில் பாதிப் பேர் தள்ளாடுவது இங்கேதான், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அக்டோபர் 1ஆம் தேதி ஒரு கடை ஓராண்டுக் காப்பீட்டுக்கு 2,400 டாலர் கட்டுகிறது. அன்று அது செலவு அல்ல, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற சொத்து. டிசம்பர் 31 அன்று மூன்று மாதம் கழிந்துவிட்டது. மாதம் 200 வீதம் 600 டாலர் தீர்ந்தது, 1,800 மீதம். பதிவு 600க்குத்தான்: காப்பீட்டுச் செலவு டெபிட், முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கிரெடிட். மீதமுள்ள 1,800ஐ எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. கேள்வித்தாளில் 'தீர்ந்தது இவ்வளவு' என்றும் 'மீதம் இவ்வளவு' என்றும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லைக் கோடிட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சம்பளம் இன்னும் வழுக்கும். ஐந்து நாள் வாரத்துக்கு 2,500 டாலர் சம்பளம், வெள்ளிக்கிழமை பட்டுவாடா. டிசம்பர் 31 புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் வேலை முடிந்துவிட்டது, 1,500 டாலர் இந்த ஆண்டின் செலவு. சம்பளச் செலவு டெபிட், கொடுபட வேண்டிய சம்பளம் கிரெடிட். இது வரை பலர் சரியாக எழுதிவிடுவார்கள். ஜனவரி 2 வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கும்போது 2,500ஐயும் செலவில் போட்டுவிடுவார்கள். அப்போது 1,500 இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும். சரியான பதிவில் கொடுபட வேண்டிய சம்பளம் 1,500 டெபிட், சம்பளச் செலவு 1,000 டெபிட், ரொக்கம் 2,500 கிரெடிட்.

விடையைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் உண்டு. சரிக்கட்டுப் பதிவு ஒவ்வொன்றிலும் லாப நட்டக் கணக்கைச் சேர்ந்தது ஒன்று, இருப்புநிலைக் குறிப்பைச் சேர்ந்தது ஒன்று இருக்க வேண்டும். ரொக்கம் எதிலும் வரக்கூடாது. ரொக்கம் வந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் இருப்புகளையும் கூட்டி ஒப்பிடும் பட்டியல், பொருந்தாமல் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டாதீர்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். 75 டாலர் டெபிட்டைக் கிரெடிட் பக்கம் எழுதியிருந்தால் வித்தியாசம் 150 வரும். இரு பக்கமும் பொருந்திவிட்டது என்பதால் கணக்கு சரி என்றும் ஆகாது. ஒரு பதிவை முழுதாக விட்டுவிட்டாலும், வாடகையை மின்சாரச் செலவில் போட்டாலும் இருப்பாய்வு அழகாகப் பொருந்தும்.

பருவத்தின் நடுவில் சரக்கிருப்பு. கடைக்காரர் அரிசி மூட்டை 100ஐ 10 டாலருக்கும், அடுத்த 100ஐ 12க்கும், அதற்கடுத்த 100ஐ 15க்கும் வாங்கினார், 200 மூட்டை விற்றார். மொத்தக் கொள்முதல் 3,700. பழையது முதலில் போனதாகக் கொள்ளும் ஃபைஃபோ முறையில் விற்றதன் அடக்கம் 2,200, கையிருப்பு 1,500. புதியது முதலில் போனதாகக் கொள்ளும் லைஃபோவில் அடக்கம் 2,700, கையிருப்பு 1,000. இரண்டிலும் கூட்டினால் 3,700 வந்தாக வேண்டும், வராவிட்டால் எண்ணிக்கையில் பிசகு. லைஃபோவை இந்தியக் கணக்கியல் தரமும் சர்வதேசத் தரமும் ஏற்பதில்லை, அமெரிக்கா ஏற்கிறது. ஆகவே ஊரில் படித்தவர்கள், இது ஒத்துக்கொள்ளப்படாத முறையாயிற்றே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தேர்வில் வரும்.

ஐயக்கடன் ஒதுக்கில், அதாவது வராமல் போகலாம் என்று கருதும் பாக்கிக்கு ஒதுக்கும் தொகையில், ஒரே ஒரு எச்சரிக்கை. வரவேண்டிய பாக்கி 40,000, அதில் 5 சதவீதம் வராது என்றால், 2,000 என்பது ஒதுக்கில் கடைசியில் நிற்க வேண்டிய தொகை, எழுத வேண்டிய தொகை அல்ல. ஏற்கனவே கிரெடிட் 300 இருந்தால் 1,700 எழுதினால் போதும். டெபிட் 300 இருந்தால் 2,300.

இணைய வீட்டுப்பாடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சரிபார் என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி, பச்சை வரும்வரை கணக்குப் பெயரை மாற்றிக்கொண்டே போகலாம். நூற்றுக்கு நூறு கிடைக்கும், தேர்வறையில் அந்தப் பொத்தான் இருக்காது. முதலில் தாளில் பென்சிலால் பதிவுகளைக் குறிப்பேடாக எழுதி, இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் கிரெடிட் என்று பிரித்த டி வடிவக் கணக்குகளில் ஏற்றி, இருப்பெடுத்து, அதன் பிறகு திரையில் தட்டுங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் சரிந்துவிட்டால் ஆசிரியரின் அலுவல் நேரத்தில் தாளோடு போய் உட்காருங்கள். அந்த நேரம் உங்களுக்காகவே ஒதுக்கியது, தயக்கம் வேண்டாம். அதன் பிறகும் முடியாது என்றால், விலகும் கடைசித் தேதிக்குள் நீங்களே விலகுங்கள். டபிள்யூ என்ற குறி சராசரியைக் கெடுக்காது, எஃப் கெடுக்கும். வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் தானாக நீக்கிவிடுவார்கள் என்று நம்பி எஃப் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி, சரிக்கட்டுப் பதிவு படித்த வாரத்திலேயே செய்யலாம். காஸ்ட்கோ கடையின் உறுப்பினர் அட்டை நம் வீடுகளில் பலரிடம் இருக்கிறது. அடிப்படை அட்டைக்கு ஆண்டுக்கு 65 டாலர். நாம் கட்டும் அன்று அந்த 65ம் கடைக்கு வருமானம் அல்ல, இன்னும் பன்னிரண்டு மாதம் உள்ளே விடக் கடமைப்பட்ட பொறுப்பு. ஒரு மாதம் கழிந்தால் 5 டாலர் 42 சென்ட் வருமானமாக மாறும். பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து, நடப்புப் பொறுப்புகளுக்குள் 'டெஃபர்டு மெம்பர்ஷிப் ஃபீஸ்' என்ற வரியைத் தேடுங்கள். உங்கள் அட்டையில் இன்னும் கழியாத மாதங்களின் பணம் அந்தத் தொகைக்குள்தான் இருக்கிறது. வணக்கம்.